இருபத்தொன்றாம் கடவு

நீராவி போனதற்கு நான் அழவில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
துவைத்து உலர்த்திய வெள்ளை விரிப்பில்
நாள் தவறாமல் கரி தூவிப்போன விருந்தாளியை
யார் கண்ணீரோடு வழியனுப்புவார்கள்?

கஹ்லாவுக்குத் தெற்கே, ஸாலே ஆற்றங்கரையில்
என் லெவல் கிராசிங்.
மணி இருமுறை அடித்தால் வடக்கு, மும்முறை என்றால் தெற்கு.
கைப்பிடியை முப்பத்தாறு சுற்று சுற்றினால் கம்பம் இறங்கும்.
உறைபனி நாட்களில் நாற்பது.

இதே தடத்தில், நான் பிறப்பதற்கு முன்,
மின்சார ரயில் ஓடியதாம்.
போர் தோற்றதும் கம்பிகளைக் கழற்றி
கிழக்கே ஏற்றிக்கொண்டு போனார்கள்.
ஆகவே எங்களுக்கு நீராவி என்பது
பழம்பெருமை இல்லை.
அபராதம்.

அதன் கடைசி ஆண்டுகளில்தான் அவர்கள் வந்தார்கள்.
மேற்கு ஜெர்மனியிலிருந்து, ஹாலந்திலிருந்து,
கழுத்தில் இரண்டு கேமரா,
முழங்கால் வரை பீட்ரூட் வயலின் சேறு.
ஒரு சரக்கு வண்டிக்காக அரைநாள் நிற்பார்கள்.
அது கடந்துபோன பிறகும்
புகை கலைகிறவரை தொப்பியைப் போட மாட்டார்கள்.

மேலதிகாரி டிரோமர் ஒரு கோடிட்ட நோட்டுப்புத்தகம் தந்தார்.
“வருகிறவன் எப்படி இருக்கிறான், கார் எண் என்ன,
எதைப் படம் பிடித்தான். அவ்வளவுதான்.”
அவ்வளவுதான் என்று சொல்லும்போது
எழுந்து சன்னலைச் சாத்தினார்.

எழுதினேன்.
மார்ச் 9, பிற்பகல் 2.10. பச்சை மேலங்கி, முக்காலி.
44 வரிசை எஞ்சின், பொட்டாஷ் சரக்கு. படம் நான்கு.
ஏப்ரல் 30, காலை 7.55. இருவர். ஒருவர் அழுகிறார்.
காரணம் தெரியவில்லை.
கடைசி இரண்டு வாக்கியங்களை டிரோமர்
சிவப்பு மையால் அடித்தார்.
“இது தகவல் இல்லை, திருமதி கேம்ப்ஃபெ.”

எழுபத்தொன்பது ஜனவரி.
ஆற்றின் ஓரங்கள் இறுகிக் கிடந்தன.
வௌட்டர் என்ற டச்சுக்காரன் கதவைத் தட்டினான்.
கேமராவின் மூடியைத் திறக்க விரல் மடங்கவில்லை அவனுக்கு.
அடுப்பருகே கால்மணி நேரம் உட்கார்ந்தான்.
போகும்போது மேசையில் ஒரு பொட்டலம் காப்பி வைத்தான்,
அசல் காப்பி,
வாசனை பொட்டலத்துக்குள் நிற்கவில்லை.
காப்பியை எழுதவில்லை.
அவன் கார் எண்ணை எழுதினேன்.

மறுபடி அவன் வரவில்லை.
விசா கிடைக்கவில்லையோ, சளிக்காய்ச்சலோ,
இந்தப் பக்கம் சலித்துப்போனதோ.
கேட்க எனக்கு யாருமில்லை,
கேட்கிற யோக்கியதையும் இல்லை.

44 வரும்போது
அலமாரியில் கோப்பைகள்தான் முதலில் அறியும், பிறகே மணி.
மூன்று சிலிண்டர். மூச்சு நாலு நாலாக விழாது,
ஆறு ஆறாக,
படியேறும் பருத்த மனிதன்
எண்ணிக்கையைத் தவறவிட்டதுபோல.
குளிர்காலத்தில் அது சன்னலைத் தாண்டுகையில்
மூன்று நொடி
அறைக்குள் ஜூலை மாதம்.
பின்னால் வந்த டீசல் ஒழுங்கானது. நேரம் தவறாதது.
எதையும் சூடாக்காதது.

எல்லைச்சுவர் விழுந்து நாலு வருடம் கழித்து ஓர் உறை:
“இருபத்தொன்றாம் கடவுப் பெண்மணிக்கு.”
அதற்குள் கம்பத்துக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள்,
தபால்காரர் விசாரித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
உள்ளே ஒரே ஒரு படம்.

எஞ்சின் பாதிதான் விழுந்திருக்கிறது; கை நடுங்கியிருக்க வேண்டும்.
மிச்சமெல்லாம் ஆவி. ஆவியின் கிழிசலில்
என் சன்னல், சன்னலில் குனிந்த என் தலை:
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பின்புறம் தேதி, பென்சிலில் 11.42.

நான் எழுதியது 11.40. நன்றாக நினைவிருக்கிறது.
என் கடிகாரம்தான் சரி, அது ரயில்வே கடிகாரம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
வலது கையில் பேனா.
இடது கை சன்னலுக்கு வெளியே,
உள்ளங்கை விரித்து,
எஞ்சினை நோக்கி நீண்டிருக்கிறது,
அடுப்பில் குளிர் காய்வதுபோல,
அல்லது நில் என்பதுபோல.
எது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

டிரோமர் இருந்தால்
அதையும் அடித்திருப்பார்.